ஒரு ஓ.பி. சீட்டோடு வந்த பிள்ளை: பழைய பள்ளி ஆவணம் இல்லாத சிறப்புக் குழந்தைக்கு முதல் ஆறு வாரம்

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம். தலைமை ஆசிரியர் அறை வாசலில் ஓர் ஆச்சி, பேரனின் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி நிற்கிறார். "எம் மவ பிள்ள, டீச்சர். பம்பாயில படிச்சான். இனிமே இங்கனதான் இருப்பான்." துணிக்கடைப் பையில் ரேஷன் அட்டை நகல், ஆதார், எழுத்து அழிந்துபோன ஓர் ஓ.பி. சீட்டு. டிசி இல்லை. பையன் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இருக்கிறான்.

திருநெல்வேலிப் பக்கம் வேலை பார்க்கிற எந்தச் சிறப்புப் பயிற்றுநருக்கும் இந்தக் காட்சி புதிதில்லை. மும்பை தாராவியிலிருந்து திரும்பும் குடும்பம், செங்கல் சூளைக்குப் போய்விட்டு வருகிறவர்கள், புருஷன் இறந்தபின் தாய்வீட்டுக்கே வந்துவிட்ட பெண், செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ரப்பர் தோட்டத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள். பிள்ளை வந்துவிடும், பிள்ளையின் ஃபைல் வராது.

இந்த இடத்தில் பள்ளிகள் இரண்டு விதமாகச் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். "ரெக்கார்டு வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று மூன்று மாதம் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பது ஒன்று. பார்த்த மாத்திரத்தில் இவனுக்கு இன்ன குறை என்று முடிவு கட்டிவிடுவது இன்னொன்று. இரண்டாவது தப்பை நானே செய்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

சேர்க்கையை நிறுத்தாதீர்கள்

இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவு, டிசி வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. அது 14ஆம் பிரிவு. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். ஆனால் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 31ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பதும் அவர்கள் உரிமை. கட்டணப் பாக்கிக்காக டிசியைப் பிடித்துவைக்கும் பழக்கத்தையும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்திருக்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை என்றால் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேட்டில், பெயர் இருக்கும். பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் நம் பள்ளிக்கு இழுக்க முடியும். போன் போட்டுக் கேளுங்கள், எடுக்காவிட்டால் பிஆர்சி (வட்டார வள மையம்) வழியாகக் கேளுங்கள். வெளிமாநிலப் பிள்ளைக்கு யுடைஸ் என்ற தேசியப் பள்ளித் தகவல் தளம் தரும் பென் எண் (நிரந்தரக் கல்வி எண்) கிடைத்தாலே பெரிய உதவி, பழைய மார்க் அட்டையின் மூலையில் தேடிப் பாருங்கள். இதெல்லாம் நடக்கிறபடி நடக்கட்டும். பிள்ளை இன்றைக்கே வகுப்பில் உட்காரட்டும்.

முதல் நாள்: உயிருக்கு ஆபத்தானதை மட்டும் கேளுங்கள்

முதல் நாளே "எழுதத் தெரியுமா, படிப்பானா" என்று ஆரம்பிப்பது நம் வழக்கம். அது இரண்டு வாரம் பொறுக்கும். பொறுக்காத சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றை அலுவலக மேசைக்கு முன்னால் நாலு பேர் பார்க்கக் கேட்காதீர்கள். வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு, கூட வந்தவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

முதல் கேள்வி வலிப்பு. "ஃபிட்ஸ் வருமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்ல டீச்சர்" என்றுதான் பதில் வரும். சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம். பெண் பிள்ளை என்றால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்குமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அதனால் கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும். "எப்பவாவது கண்ணு மேல சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்திருக்கா?" "காய்ச்சல்ல ஜன்னி கண்டிருக்கா?" "பேசிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு சிலையா நின்னுட்டு, பெறகு ஒண்ணும் நடக்காத மாதிரி இருப்பானா?" இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் பல அம்மாக்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இன்னொன்று: "இழுப்பு வரும்" என்று ஒருவர் சொன்னால் அது வலிப்பா, மூச்சிரைப்பா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் இரண்டுக்கும் அதே வார்த்தைதான். செய்ய வேண்டியதோ முற்றிலும் வேறு.

வலிப்பு உண்டு என்றால் மாத்திரை அட்டையையோ மருந்து பாட்டிலையோ மறுநாள் எடுத்துவரச் சொல்லுங்கள். பெயரை வாயால் கேட்டு எழுதாதீர்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறும் சமயத்தில்தான் மாத்திரை தீர்ந்துபோய் இடைவெளி விழும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பி வரும். எத்தனை நாளைக்கு மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, தீருமுன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பள்ளியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியுள்ள பொருளை நகர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108. இதை வகுப்பாசிரியரோடு சத்துணவு அமைப்பாளருக்கும் சொல்லிக் கொடுங்கள், மதியம் பிள்ளை பக்கத்தில் இருப்பவர் அவர்தான்.

அடுத்தது தண்ணீர். நம் பள்ளிகள் பல குளத்துக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ இருக்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீரென்றால் அப்படி ஓர் ஈர்ப்பு. "வீட்டை விட்டு ஓடுவானா? ஓடினா எங்கே போவான்?" என்று கேளுங்கள். "பைப்படி, பைப்படி இல்லன்னா கெணறு" என்று பதில் வந்தால் அன்றைக்கே கேட்டுக்கு ஆள் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் தலைமை ஆசிரியர்களிடம் சண்டை போடத் தயங்குவதில்லை.

மற்றவை சின்னச் சின்னக் கேள்விகள். சாப்பிடும்போது புரை ஏறுமா, சோற்றைக் குழைத்துக் கொடுக்க வேண்டுமா, எது சாப்பிட்டால் ஒத்துக்காது, ஒன்றுக்கு வந்தால் எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துவான், அழுதால் எதைக் கொடுத்தால் அடங்குவான். கடைசிக் கேள்விக்கு அந்த ஆச்சி சொன்ன பதில், "சின்னக் கயிறு ஒண்ணு குடுங்க, சுத்திக்கிட்டே இருப்பான்." அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த தகவல்களிலேயே உருப்படியானது அதுதான்.

காகிதம் இல்லை என்பவர் வீட்டிலும் காகிதம் உண்டு

"ஒண்ணும் இல்ல டீச்சர்" என்பதற்கு "பள்ளிக்கூடத்துக் காகிதம் இல்லை" என்றுதான் பொருள். தாய் சேய் நல அட்டை பீரோவுக்குள் இருக்கும். பிறந்தபோது எடை எவ்வளவு, உடனே அழுததா, பெட்டியில் வைத்தார்களா என்பதெல்லாம் அதில் கிடைக்கும். தடுப்பூசி அட்டை, கண்ணாடிச் சீட்டு, காதுக் கருவி வந்த டப்பா, முதலமைச்சர் காப்பீட்டில் அறுவை செய்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, இதையெல்லாம் யாரும் பள்ளிக்கான ஆவணம் என்று நினைப்பதில்லை. உள்செவிக் கருவி (காக்ளியர் இம்ப்ளாண்ட்) பொருத்திய பிள்ளை என்றால் அறுவை செய்த ஆஸ்பத்திரியில் முழு விவரமும் இருக்கும்.

யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) கையில் இருந்தால் அதன் நிறப் பட்டையைப் பாருங்கள். வெள்ளை என்றால் 40 சதவீதத்துக்குக் கீழே, மஞ்சள் 40 முதல் 80க்குள், நீலம் 80ம் அதற்கு மேலும். தொலைந்துபோயிருந்தால் பதிவு செய்த போன் எண் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், இணையத்தில் திரும்ப எடுத்துவிடலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை வீடுகளில் பீரோவோடு சேர்ந்து காகிதம் நனைந்து கூழாகிப்போன குடும்பங்களுக்கு இப்படித்தான் ஒவ்வொன்றாக மீட்டுக் கொடுத்தோம். இன்னொரு குழப்பம்: தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதற்கு முன் வாங்கிய அடையாள அட்டைப் புத்தகத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். அதை வைத்துக்கொண்டு "இது வேற மாவட்டத்து ஆளு" என்று பிள்ளையை அலைக்கழிக்க வேண்டாம்.

பழைய பள்ளிக்குப் போன் செய்யும்போது அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வகுப்பாசிரியர் எண்ணை வாங்குங்கள், முடிந்தால் அங்கிருந்த ஆயாவிடமும் பேசுங்கள். "அவனுக்கு என்ன குறை?" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும், அதனால் பிரயோஜனம் இல்லை. "காலையில் வந்ததும் என்ன செய்வான்? எதில் சந்தோஷமாக இருப்பான்? எது உங்களுக்கு அவனிடம் பலித்தது?" என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை படித்திருந்தால் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளையின் கற்றல் நிலை அரும்பா, மொட்டா, மலரா என்ற விவரமும் அங்கே இருக்கும்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டன. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் இருக்கிறது. பிள்ளை எப்போதாவது இங்கெல்லாம் தெரபிக்குப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். போயிருந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தோடு நகல் கேட்கலாம். அந்தக் கையெழுத்து வாங்குவதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். மருத்துவச் சான்றிதழை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு "யாருக்காவது தெரியுமா" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். தன் பிள்ளையின் சான்றிதழ் ஊரெல்லாம் சுற்றியது தெரிந்தால் அந்த அம்மா அடுத்த காகிதத்தை நம்மிடம் தர மாட்டார்.

இரண்டு வாரம் பாருங்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

என் தப்பு இங்கேதான் நடந்தது. மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை, பீடி சுற்றும் குடும்பம், இரண்டு பள்ளி மாறி வந்தவள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், சொன்னதைச் செய்ய மாட்டாள். முதல் வாரத்திலேயே என் குறிப்பேட்டில் "அறிவுசார் குறைபாடு இருக்கலாம்" என்று எழுதிவிட்டேன். ஒரு மாதம் கழித்து, தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்த ஆயா, "காதுல சீழு நாத்தம் அடிக்கு டீச்சர்" என்றார். இரண்டு காதிலும் சீழ். வைத்தியம் பார்த்தபின் அந்தக் குழந்தை வகுப்பில் வாய் மூடியதே இல்லை. நான் எழுதிய அந்த வரி மட்டும் இரண்டு வருடம் அவள் பின்னாலேயே போனது.

ஆகவே முதலில் காதும் கண்ணும். பேச்சு வராத, கவனிக்காத எந்தப் பிள்ளைக்கும் இந்தப் பரிசோதனை முடியாமல் வேறு எதையும் எழுதாதீர்கள். காதுக் கருவி போட்டு வந்தால் பேட்டரி வேலை செய்கிறதா, காதுக்குள் வைக்கும் அச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை வளர வளரக் காதும் வளரும், பழைய அச்சு தளர்ந்து கீச்சென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் தாங்காமல்தான் பிள்ளை கழற்றி எறிகிறது. "போட மாட்டேங்கான்" என்று திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மொழி. தாராவிப் பையன் தமிழில் எண்ணச் சொன்னால் விழிப்பான். ஏக், தோ, தீன் என்று ஆரம்பித்தால் இருபது வரை போய்விடுவான். மலையாளத்தில் படித்த பிள்ளைக்கு எழுத்துகளே வேறு. தெரியாத மொழியில் கேட்டுவிட்டுத் தெரியவில்லை என்று எழுதினால் அந்தப் பரிசோதனையில் தோற்றது நாம்.

எழுதும் முறை எளிது. ஒரு சம்பவத்துக்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன்பின் என்ன கிடைத்தது. "முரட்டுத்தனமாக இருக்கிறான்" என்று எழுதாதீர்கள். "10.40க்கு மணி அடித்தது. காதைப் பொத்தினான். பக்கத்துப் பையன் தோளில் தட்டினான், உடனே அவன் கையைக் கடித்தான். வெளியே கூட்டிப்போனதும் அடங்கினான்" என்று எழுதினால், பிரச்சினை மணியில் இருக்கிறது என்று படிக்கிற யாருக்கும் தெரியும். நான்கைந்து குறிப்பு சேர்ந்தால் வரிசை தானே புலப்படும்.

முதல் இரண்டு வாரம் சில பிள்ளைகள் அதிசயமாக அடங்கியிருக்கும். புது இடம், பயம். மூன்றாவது வாரம்தான் சுயரூபம் தெரியும். நேர்மாறாக, ஏற்கெனவே கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளை இங்கே வந்து டிரவுசரை நனைக்கலாம். அப்பாவை இழந்து, வீட்டை இழந்து, ரயிலேறி வந்த பிள்ளை கொஞ்சம் பின்னால் போகத்தான் செய்யும். அதைக் குறைபாட்டின் அளவாக எழுதிவிடாதீர்கள். நுண்ணறிவுப் பரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். வந்த வாரமே அழைத்துப்போனால் மார்க் குறைவாகத்தான் வரும், அந்த எண் காகிதத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அறிவுசார் குறைபாடு என்ற சந்தேகம் வலுத்தால், விஜய் மனித சேவை அமைப்பு சென்னையில் உருவாக்கிய எம்டிபிஎஸ் என்ற திறன் மதிப்பீட்டுப் பட்டியல் நம் வேலைக்கு நன்றாக ஒத்துவரும். 18 பகுதிகள், பகுதிக்கு 20 என்று 360 செயல்கள், எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறிப்போகும். செய்கிறானா, இல்லையா என்று மட்டும் குறித்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். சாப்பாடு, கழிப்பறை, உடை, பேச்சு, இந்த நான்கில் ஆரம்பியுங்கள். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளைக் கண்டறிவதற்கான நலம் நாடி செயலியில் வகுப்பாசிரியர் குறிப்பதும் இந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு இருந்தால் நல்லது.

ஒரு பக்கத் திட்டம்

மூன்றாவது வாரத் தொடக்கத்தில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. தனியாள் கல்வித் திட்டம் (ஒரு பிள்ளைக்கென்று தனியாக எழுதும் கற்பித்தல் திட்டம்) உள்ள பிள்ளை ஆண்டு நடுவில் பள்ளி மாறினால், புதுத் திட்டம் தயாராகும்வரை பழைய பள்ளியில் கிடைத்ததற்கு ஒப்பான சேவையைப் புதுப் பள்ளி தந்தாக வேண்டும். நம் கையில் பழைய திட்டமே இல்லை, அதனால் அப்படியே எடுக்க முடியாது. ஆனாலும் "முழுத் திட்டம் வரும்வரை வெறுமனே இருக்கக் கூடாது" என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கயிறு சுற்றும் பையனுக்கு நாங்கள் எழுதியது இவ்வளவுதான். தண்ணீர், ஒன்றுக்கு, இரண்டுக்கு என்று கேட்கப் படம் போட்ட அட்டை. அதைக் காட்டினால் உடனே கூட்டிப்போவது. மணிக்குக் கீழே இருந்த இடத்தை மாற்றி, சுவரோரம் இடம். மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது வகுப்பாசிரியர் தோளைத் தொட்டுச் சொல்வது. ஒன்று முதல் பத்து வரை இந்தியில் அவன் சொல்ல, கூடவே தமிழில் நாம் சொல்வது. 15 நிமிட வேலைக்குப் பின் 3 நிமிடம் கயிறு. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்வது என்று ஒரு பெயர், மேலே ஒரு தேதி.

சிறப்புப் பயிற்றுநர் தினமும் வர மாட்டார், வரவும் முடியாது. ஒருவருக்கு எத்தனையோ பள்ளிகள். ஆகவே நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வகுப்பாசிரியரால் செய்ய முடியாத எதையும் அந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள். எழுதுமுன் அவரிடம் கேளுங்கள். ஆச்சியிடம் வாசித்தும் காட்டுங்கள். எங்கள் ஆச்சி கேட்டுவிட்டு, "படத்த எனக்கும் ஒண்ணு குடுங்க, வீட்டுலயும் காட்டுதேன்" என்றார்.

வகுப்புப் பிள்ளைகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். என்ன குறை என்று அறிவிப்பது அறவே வேண்டாம். "அவனுக்குச் சத்தம் ஆகாது, பின்னாலேயிருந்து தொடாதீங்க, முன்னால வந்து கூப்பிடுங்க" என்றால் போதும், இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆறாவது வாரத்துக்குள்

இப்போது சான்றிதழ் வேலையைத் தொடங்கலாம். வட்டார மருத்துவ முகாம் வருகிறதா என்று பிஆர்சியில் கேளுங்கள், இல்லாவிட்டால் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை). போகும்போது நீங்கள் எழுதிய குறிப்பை ஒரு பக்கமாகச் சுருக்கிக் கையில் கொடுங்கள். ஐந்து நிமிடம் மட்டும் பிள்ளையைப் பார்க்கிற டாக்டருக்கு அது பெரிய உதவி. கற்றல் குறைபாட்டுச் சான்று 8 வயதுக்கு மேல்தான் தருவார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்க வேண்டும். பழைய சான்று இருந்தால் எந்த வயதில் வாங்கியது என்று பாருங்கள். உதவித்தொகை வாங்கும் குடும்பம் என்றால் முகவரி மாற்றத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்ல வேண்டும், இல்லையேல் பணம் பழைய ஊரிலேயே முடங்கும்.

வந்தது 9ஆம் வகுப்பு, 10ஆம் வகுப்புப் பிள்ளை என்றால் ஆறு வாரம் பொறுக்காதீர்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு உரிய நேரத்தில் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். அந்த வேலை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். காகிதம் இல்லை, சமாளிக்க முடியவில்லை என்பதற்காக இல்லம் சார்ந்த கல்வியில் தள்ளிவிடாதீர்கள். அது நகர முடியாத அளவுக்குக் கடுமையான நிலையில் உள்ள பிள்ளைகளுக்கானது. தூரம்தான் பிரச்சினை என்றால் பயணப்படி, உடன் வருவோருக்கான படி இருக்கிறது, பிஆர்சியில் கேளுங்கள்.

அடுத்த பள்ளிக்கான கவர்

இந்தக் குடும்பங்கள் மறுபடியும் இடம் மாறும். சூளைக்குப் போகிறவர்கள் தை பிறந்ததும் கிளம்புவார்கள். அதனால் ஆறாவது வாரம் ஒரு பிளாஸ்டிக் கவர் தயார் செய்யுங்கள். மேலே ஒரு பக்கத் திட்டம், அடுத்து மாத்திரை அட்டையின் போட்டோ, சான்றுகளின் நகல், எமிஸ் எண், யுடிஐடி எண், நம் பள்ளி வகுப்பாசிரியரின் போன் எண். பார்த்ததை எழுதிய குறிப்பில் இரண்டு பக்கம், ஊகம் எதுவும் இல்லாமல். ஒரு கவர் பள்ளியில், ஒன்று வீட்டில். அம்மாவின் போனிலும் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக் கொடுங்கள், வெள்ளத்தில் பீரோ போனாலும் போன் கையில் இருக்கும்.

ஆச்சியிடம் கவரைக் கொடுத்தபோது அவர் அதை ரேஷன் அட்டை வைத்திருந்த அதே துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே சின்னக் கயிறு ஒன்றும் வைத்திருந்தோம்.